தாமான் என்றால் தாமதமா?

தீபாவளிக்கு முந்தைய வாரம் அப்பா அம்மாவுக்குப் புலனத்தில் ஒரு செய்தி அனுப்பினார். தட்டச்சு செய்யும் பொறுமை அவருக்குக் கிடையாது. முப்பது ஆண்டுகள் லோரி ஓட்டிய விரல்களுக்குக் கைப்பேசியின் குட்டி எழுத்துகள் ஒத்துவராது. ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பேசிவிடுவார், கைப்பேசியே எழுதிக்கொள்ளும். அன்று அவர் சொன்னது, "தாமானுக்கு வந்துட்டேன்." அம்மாவுக்கு வந்து சேர்ந்தது, "தாமதமாக வந்துவிட்டேன்."

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. "லேட்டா வர்றதும் இல்லாம, அத எழுதி வேற அனுப்புறாரு பாரு!"

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த ஒலிவாங்கிப் படத்தை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டார் என்பதை நான் இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். "நம்ம பேச்சு அதுக்குப் புரியலம்மா" என்றார். குற்றம் தன்னுடையது என்பதுபோல் சொன்னார்.

வானொலியில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். என்னை வளர்த்தவரின் பேச்சு ஓர் இயந்திரத்துக்குப் புரியவில்லை என்றால் எனக்குச் சுருக்கென்று இருக்காதா? தாமான், பசார், லோரி, கம்போங் எல்லாம் நம் வீட்டுத் தமிழில் கலந்து போனவை. மறுநாள் நிலையத்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். ஒலிப்பதிவுப் பிரிவு நண்பர் ஒருவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "இங்க புலம்பி என்ன ஆவப்போவுது? ஞாயித்துக்கிழமை லினக்ஸ் கூட்டத்துக்கு வந்து கேளு, தமிழ்லதான் பேசுவாங்க" என்றார்.

நான் ஊடகவியல் படித்தவள். லினக்ஸ் என்றால் ஒரு பெங்குயின் படம் என்பதோடு என் அறிவு முடிந்துவிடும். இருந்தாலும் போனேன். போனேன் என்றால், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான். நண்பர் அனுப்பிய முகவரியைச் சொடுக்கினேன், பெயர் கேட்டது, கொடுத்தேன், உள்ளே இருந்தேன். கணக்குத் தொடங்கச் சொல்லவில்லை, செயலி இறக்கச் சொல்லவில்லை. ஜிட்சி என்ற அந்தக் காணொலிச் சந்திப்பு மென்பொருளே 2003இல் பிரான்ஸின் ஸ்திராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் திட்டப்பணியாகத் தொடங்கியதாம். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கட்டற்ற மென்பொருளைப் பற்றிப் பேச, கட்டற்ற மென்பொருளிலேயே கூடுகிறார்கள்.

பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் காணொலியை அணைத்திருந்தார்கள். எங்கோ ஒரு மின்விசிறி கடகடத்தது, யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. வானொலிக்காரிக்கு இதெல்லாம் கொடுமை! ஆனால் பேச்சு ஆரம்பித்ததும் மறந்துபோனேன். ஒரு கல்லூரி மாணவர் தன் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவியபோது வைஃபை வேலை செய்யாமல் போன கதையைச் சொன்னார். இன்னொருவர் திரையைப் பகிர்ந்து, எந்தக் கட்டளையை எங்கே தட்ட வேண்டும் என்று காட்டினார். "புரியல, திரும்பச் சொல்லுங்க" என்று அந்த மாணவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பதில் வந்தது, யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் நடக்கும் எத்தனை கூட்டங்களில் நாம் "புரியவில்லை" என்று சொல்லத் தயங்கி, தலையாட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாத மென்பொருள் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் காசு இல்லைதான். ஆனால் விஷயம் அதுவல்ல. எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், அப்படியேயோ மாற்றியோ பிறருக்குக் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகளும் இருந்தால்தான் அது கட்டற்றது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய குனு திட்டத்திலிருந்து வளர்ந்த சிந்தனை இது. ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, லிப்ரே ஆபிஸ் எல்லாம் இந்த வகைதான். வானொலிக்கு வரும் புதியவர்களுக்கு நாங்கள் ஒலி வெட்டப் பழக்கும் ஆடாசிட்டியும் அப்படியே. இத்தனை வருடம் தினமும் பயன்படுத்திக்கொண்டே அது என்னவென்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இந்த ஆர்வலர்கள் கூடிப் பேசுவது புதிதல்ல. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இருக்கிறது. பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஃபோஸ்டெம், ஆண்டுதோறும் பிப்ரவரித் தொடக்கத்தை ஒட்டி ஒரு பல்கலைக்கழக வளாகத்தையே நிரப்பிவிடும். கட்டணமும் பதிவும் கிடையாது, நேரே நடந்து போகலாம். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரிலும் ஃபோஸ்ஏசியா மாநாடு பல ஆண்டுகள் நடந்தது. நிரல் எழுதுவதெல்லாம் இணையத்தில்தான், ஆனால் முகம் பார்க்க விமானம் ஏறுவார்கள்.

பிறகு 2020 வந்தது. இங்கே மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதை யார் மறப்பார்கள்? உலகம் முழுவதும் மாநாடுகள் இயங்கலைக்கு மாறின. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நடக்க வேண்டிய டெபியன் குழுவின் ஆண்டு மாநாடு அந்த ஆகஸ்ட்டில் முழுக்க இணையத்தில் நடந்தது. 2021 பிப்ரவரியில் ஃபோஸ்டெமும் அப்படியே. உரைகளை முன்கூட்டியே பதிவுசெய்து ஒளிபரப்பிவிட்டு, கேள்வி நேரத்துக்கு மட்டும் பேச்சாளர் நேரலையில் வந்தார். நேரலையில் வரும் கோளாறுகளை அறிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

பெருந்தொற்று அடங்கியதும் பெரிய மாநாடுகள் மண்டபத்துக்குத் திரும்பிவிட்டன. சிறிய கூட்டங்களில் சில மட்டும் இணையத்திலேயே தங்கிவிட்டன. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் ஜிட்சி வழியாகத் தமிழில் நடத்திவரும் உரையாடல் அதில் ஒன்று. காஞ்சிபுரத்துக்குப் பேருந்து பிடிக்க முடியாத யாருக்கும் அது வசதி. கோலாலம்பூரில் தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும் எனக்கும்.

என் முறை வந்தபோது அப்பாவின் தாமான் கதையைச் சொன்னேன். சிரிப்பு அடங்கியதும் வயதில் மூத்த ஒருவர் கேட்டார்: "உங்க ஊர்த் தமிழ்ல எத்தனை பேர் குரல் கொடுத்திருக்காங்க?" எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். மொசில்லா அமைப்பு 2017இல் தொடங்கிய காமன் வாய்ஸ் என்ற திட்டம் இருக்கிறது. திரையில் ஒரு வாக்கியம் வரும். அதைப் படித்துப் பதிவுசெய்தால், மற்றவர்கள் கேட்டுச் சரியா தவறா என்று சொல்வார்கள். இரண்டு பேர் சரி என்றால் அது தொகுப்பில் சேரும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் செய்ய விரும்பும் யாரும் அந்தத் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். தமிழும் அதில் உண்டு. "கொடுக்காத குரலை எந்த மெஷினும் கத்துக்காதுங்க" என்றார்.

"அக்கா, நீங்க ரேடியோல பேசுறவங்க, சூப்பரா இருக்கும், உடனே ஆரம்பிங்க" என்றார் வைஃபை மாணவர்.

எனக்கு உடனே வாய் வரவில்லை. என் குரல்தான் என் பிழைப்பு. சில நிமிடப் பதிவு கிடைத்தாலே ஒருவர் குரலை நகலெடுக்கும் காலம் இது. நாளை ஒரு கடை விளம்பரத்தில் நான் பேசாததை என் குரல் பேசினால்? கூட்டத்திலேயே கேட்டுவிட்டேன். ஒரு நொடி அமைதி. உள்ளே போன முதல் நாளே இவர்களின் நல்ல காரியத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறேனோ என்று கூசியது.

மூத்தவர் மழுப்பவில்லை. "நியாயமான பயம்தான்" என்றார். அந்தத் தொகுப்பு சிசி ஜீரோ உரிமத்தில் வெளியாகிறது. யாரும், எதற்கும், அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம், வணிக நிறுவனமும்கூட. குரல் கொடுத்தவரின் பெயரை வெளியிட மாட்டார்கள். தொகுப்பை எடுப்பவர், பேசியவர் யாரென்று கண்டறிய முயல மாட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒருமுறை வெளியான தொகுப்பைப் பிறர் இறக்கிய பிறகு முழுமையாகத் திரும்பப் பெறுவது நடக்காத காரியம். "திரும்ப வராதுன்னு நினைச்சுக்கிட்டுக் கொடுங்க. மனசு வரலன்னா கேக்குற வேலையப் பண்ணுங்க. அதுக்குத்தான் ஆள் பத்தல."

எனக்கு விற்பவர்களின் பேச்சு நன்றாகப் பழக்கம். தன் கடைப் பொருளின் குறையைத் தானே எடுத்துச் சொல்பவரை நான் அதிகம் சந்தித்ததில்லை.

கேட்கும் வேலையை எடுத்துக்கொண்டேன். அன்றிரவே உட்கார்ந்தேன். ஒவ்வொன்றும் சில நொடிப் பதிவு. முதல் நாள் நான் செய்தது அநியாயம். யாரோ ஒருவர் "பழம்" என்பதைப் "பளம்" என்றார், தவறு என்று அழுத்தினேன். அடுத்தவருக்கும் ழகரம் வரவில்லை, அவருக்கும் தவறு. கலையகத்தில் ழகரத்துக்காகத் திட்டு வாங்கி வளர்ந்த காது இது, சும்மா இருக்குமா! பிறகுதான் வழிகாட்டியைப் படித்தேன். வாக்கியத்தில் ஒரு சொல் விடுபட்டால், வேறு சொல்லாகப் படித்தால், முதலிலோ கடைசியிலோ ஒலி வெட்டுப்பட்டால் நிராகரிக்கலாம். உச்சரிப்பு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவது தவறல்ல. பின்னணியில் சத்தம் இருந்தாலும் சொற்கள் விளங்கினால் போதும். உலகம் அப்படித்தானே பேசுகிறது? மின்விசிறியோடும் குக்கரோடும்.

அப்பாவை ஒதுக்கிய கைப்பேசி செய்ததையே நானும் ஒரு மணி நேரம் செய்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஒரு யோசனையோடு போனேன். வானொலியில் போட்டி அறிவிக்கலாம், அதிக வாக்கியம் படிக்கும் நேயருக்கு ஹாம்பர் கொடுக்கலாம், நம் ஊர்க்குரல் ஒரே மாதத்தில் குவிந்துவிடும். இந்த முறை எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு நிகழ்வு 2014 முதல் அக்டோபர் மாதங்களில் நடக்கிறது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குத் திருத்தங்கள் அனுப்பினால் அப்போது டி-சட்டை கிடைத்தது. 2020இல் சட்டைக்காகவே ஆயிரக்கணக்கானோர் கிளம்பிவிட்டார்கள். ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒரு புள்ளியை நீக்குவது என்று குப்பைத் திருத்தங்கள் கொட்ட, மாலை நேரத்தில் ஊதியமின்றித் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் அவற்றைக் கூட்டித் தள்ளியே ஓய்ந்தார்கள். சில நாளில் ஏற்பாட்டாளர்கள் விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். "ஹாம்பர் வேண்டாம்க்கா" என்றார் மாணவர். "உங்க அப்பாவக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிவருவது சுலபமாக இல்லை. "எனக்கு என்னா தெரியும்?" என்று இரண்டு வாரம் நழுவினார். மூன்றாவது வாரம் காமன் வாய்ஸ் பக்கத்தைத் திறந்து அவர்முன் வைத்தேன். சிசி ஜீரோ விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். "என் கொரல வச்சு யாரு என்னா வெளம்பரம் எடுக்கப்போறான்?" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். ஐந்து வாக்கியம் படித்துவிட்டு நிறுத்தினார். "இதுல எங்கயும் தாமான் வரலயே?"

வராதுதான். அந்த வாக்கியங்களும் யாராவது எழுதிக் கொடுத்தவை. நம் வாழ்க்கையை நாம் எழுதிக் கொடுத்தால் ஒழிய, நம் சொற்கள் அதில் இருக்காது. சொந்தமாக எழுதியதாக, சுருக்கமாக, இலக்கங்கள் இல்லாமல் இருக்க வேண்டும், உரிமை கோரக் கூடாது. அதையும் மற்றவர்கள் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இதெல்லாம் சேர்ந்தாலும் அப்பாவின் கைப்பேசி நாளைக்கே திருந்திவிடப் போவதில்லை. அதைச் செய்த நிறுவனம் இந்தத் தொகுப்பைத் தொடுமா என்பதும் நம் கையில் இல்லை. அப்பாவிடம் அதையும் சொன்னேன். அவர் காதில் வாங்கினாரா தெரியவில்லை. பழைய நாட்குறிப்பு ஒன்றைத் தேடி எடுத்துவந்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த நாட்குறிப்பில் நாற்பது வாக்கியங்கள் இருக்கின்றன. பசார் மாலாமில் அப்பம் வாங்கிய வாக்கியம் ஒன்று. மழையில் லோரி சேற்றில் புதைந்தது ஒன்று. பெரிய தாமானில் தம்பி வீடு எங்கே என்று கேட்டு அலைந்தது ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தட்டச்சு செய்து ஏற்றுகிறேன், அவர் பின்னால் நின்று ஒற்றுப்பிழை பார்க்கிறார். அவர் குரலில் பதிந்தவை இன்னும் சரிபார்ப்பில் இருக்கின்றன. எங்கோ இருக்கும் இரண்டு பேர் கேட்டுவிட்டுச் சரி என்று அழுத்த வேண்டும்.

"அழுத்திட்டாங்களா?" என்று தினமும் கேட்கிறார். போன ஞாயிறு ஐந்து நிமிடம் முன்னதாகவே நாற்காலியைப் போட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்துவிட்டார். அம்மா தேநீரோடு வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், "இதுக்கு மட்டும் தாமதமே இல்ல."