வேகம் சுழியானால் முடுக்கமும் சுழியா?

செங்குத்தாக மேல்நோக்கி எறியப்பட்ட கல் ஒன்று உச்சியை எட்டுகிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? மேல்நிலை வகுப்பை முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்களிடம் ஆண்டுதோறும் இக்கேள்வியைக் கேட்டு வருகிறேன். "சுழி" என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. கல் அங்கே நின்றுவிடுகிறது. நிற்கும் பொருளுக்கு ஏது முடுக்கம் என்பது அவர்கள் வாதம். அவ்விடை சரியானால் எறிந்த கல் கீழே திரும்பி வரவே வராது! ஏன் என்று அறிய வேண்டுமானால் வகைநுண்கணிதத்தின் துணையை நாட வேண்டும்.

முதலில் ஓர் எளிய ஐயம். 60 கிலோமீட்டர் தொலைவை ஒரு பேருந்து 2 மணி நேரத்தில் கடந்தால் அதன் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். தூரத்தைக் காலத்தால் வகுத்தோம், விடை வந்தது. ஆனால் "சரியாக இந்தக் கணத்தில் வேகம் என்ன?" என்று கேட்டால்? ஒரு கணத்தில் கடந்த தூரம் சுழி. கழிந்த காலமும் சுழி. சுழியைச் சுழியால் வகுப்பது எப்படி?

ஓர் உயரத்திலிருந்து விடப்பட்ட கல்லை எடுத்துக்கொள்வோம். காற்றின் தடையைப் புறக்கணித்தால், 'கா' வினாடிகளில் அது விழும் தூரம் 4.9 கா² மீட்டர். தூரம் காலத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது என்று கண்டவர் கலிலியோ. 2 வினாடி முடிவில் கல் 19.6 மீட்டரும், 3 வினாடி முடிவில் 44.1 மீட்டரும் விழுந்திருக்கும். இந்த இடைப்பட்ட வினாடியில் சராசரி வேகம் வினாடிக்கு 24.5 மீட்டர். நமக்கு வேண்டியதோ 2-ஆம் வினாடி முடியும் கணத்தின் வேகம். ஆகவே கால இடைவெளியைச் சுருக்குவோம். 2 முதல் 2.1 வினாடி வரை சராசரி 20.09, 2 முதல் 2.01 வரை 19.649, 2 முதல் 2.001 வரை 19.6049. எண்கள் எதை நோக்கிச் செல்கின்றன என்பது இப்போதே தெரிகிறதல்லவா?

இடைவெளியை 'இ' என்க. அதில் கடந்த தூரம் 4.9 (2 + இ)² − 4.9 × 2², அதாவது 19.6 இ + 4.9 இ². இதை 'இ'யால் வகுத்தால் கிடைப்பது 19.6 + 4.9 இ. 'இ' சுழியை நெருங்க நெருங்க இது 19.6-ஐ நெருங்குகிறது. இந்த எல்லை மதிப்பையே அக்கணத்தின் வேகம் என்கிறோம். தூரத்தின் வகைக்கெழு என்பதும் இதுவே.

வகுக்கும்போது 'இ' சுழியல்ல என்கிறீர்கள்; வகுத்து முடித்ததும் சுழி என்று தள்ளிவிடுகிறீர்கள்; இது என்ன நியாயம் என்று யாரேனும் கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். நியூட்டனின் முறையை அயர்லாந்து நாட்டு ஆயர் ஜார்ஜ் பார்க்லி 1734-இல் இவ்வாறுதான் மடக்கினார். நல்ல கேள்விதான். பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி 1820-களில் 'எல்லை' என்னும் கருத்தைச் செப்பமாக்கிய பிறகே இதற்குத் தெளிவான விடை கிட்டியது. 'இ'யை நாம் சுழியாக்குவதே இல்லை. சராசரிகள் எந்த எண்ணை வேண்டிய அளவுக்கு நெருங்குகின்றன என்றுதான் பார்க்கிறோம்.

2 வினாடிக்குச் செய்ததை எந்தக் கணத்திற்கும் செய்யலாம். வேகம் 9.8 கா என்று வரும். இந்த வேகமும் காலத்தோடு மாறுவதால் அதற்கும் ஒரு வகைக்கெழு உண்டு. அதுவே முடுக்கம், இங்கே 9.8.

இனி மேலே எறிந்த கல்லுக்கு வருவோம். வினாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் எறிந்தோம் எனக் கொள்வோம். உயரம் 19.6 கா − 4.9 கா². இதன் வகைக்கெழு, அதாவது திசைவேகம், 19.6 − 9.8 கா. 2-ஆம் வினாடியில் இது சுழி; கல் 19.6 மீட்டர் உயரத்தில், உச்சியில் இருக்கிறது. இன்னொரு முறை வகைக்கெழு காண்போம்: −9.8. இதில் 'கா' என்பதே இல்லை! ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் முடுக்கம் ஒன்றே. எதிர்க்குறி அது கீழ்நோக்கியது என்பதைக் காட்டுகிறது. உச்சியை எட்டியதும் முடுக்கம் சுழியாகி அப்படியே இருந்துவிட்டால், சுழியான வேகம் மாறவே வழியில்லை. கல் அந்தரத்தில் தொங்கும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். அவர் 20, 40, 60, 80 மீட்டர்களைக் கடந்த நேரங்கள் முறையே 2.89, 4.64, 6.31, 7.92 வினாடிகள். ஒவ்வொரு 20 மீட்டருக்கும் சராசரி வேகம் கணக்கிட்டால் வினாடிக்கு 6.92, 11.43, 11.98, 12.42, 12.05 மீட்டர் என வருகிறது. நான்காம் பகுதிவரை வேகம் ஏறுகிறது. அதாவது முடுக்கம் நேர்க்குறி. ஐந்தாம் பகுதியில் வேகம் இறங்குகிறது, முடுக்கம் எதிர்க்குறி. நேரிலிருந்து எதிருக்கு மாறும் வழியில் முடுக்கம் சுழியைக் கடந்தாக வேண்டும். அது நிகழ்வது அவர் மிக வேகமாக ஓடிய கணத்தில்! அவருடைய முடுக்கம் மிகுந்திருந்தது ஓட்டத்தின் தொடக்கத்தில், வேகம் இன்னும் சிறியதாக இருந்தபோது.

வாசகர்கள் மேற்கண்ட நேரங்களை வரைபடத்தாளில் குறித்து, புள்ளிகளை வளைகோட்டால் இணைத்துப் பார்க்கலாம். கோட்டின் சாய்வு வேகத்தைத் தரும். சாய்வு மாறும் வீதம் முடுக்கத்தைத் தரும்.