சாக்ரெப்ளேயில் நீலம் எப்படி வந்தது?

பிரெஞ்சுக்காரர் என்றால் ‘சாக்ரெப்ளே!’ என்று கூவியே ஆகவேண்டும் என்பது ஆங்கிலக் கதைகளின் வழக்கம். இன்றைய பாரிஸில் அப்படிக் கூவுகிறவர் அபூர்வம் என்பது வேறு விஷயம். ‘சாக்ரெ’ என்றால் புனிதம், ‘ப்ளே’ என்றால் நீலம். மரியன்னையின் நீல மேலாடையைத்தான் இது குறிக்கிறது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. கேட்க அழகுதான். ஆனால் இந்தச் சொல்லின் உறவுக்காரர்களை அருகில் நிறுத்தினால் அந்த விளக்கம் கலைந்துவிடும். மோர்ப்ளே, கோர்ப்ளே, பால்சாம்ப்ளே என்று ஒரு பெரிய கூட்டமே உண்டு. அவற்றில் இருப்பவை மரணம், உடல், இரத்தம். நீலத்தின் இரத்தத்தின் மேல் யார் ஆணையிடுவார்கள்? அவற்றின் மூல வடிவங்களில் ‘ப்ளே’ இருக்கும் இடத்தில் ‘தியே’ இருந்தது. தியே என்றால் கடவுள். சிலுவையில் இறந்த கிறிஸ்துவின் உடல் மீதும் இரத்தத்தின் மீதும் இட்ட ஆணைகள் இவை. ‘தேவனின் வல்லமை’ என்ற ஆணையோ ‘வெர்துஷூ’ ஆனது. ஷூ என்றால் முட்டைக்கோஸ்! நீலத்துக்கு மேலாடையைக் காட்டுகிறவர்கள் முட்டைக்கோஸுக்கு எதைக் காட்டுவார்களோ தெரியவில்லை. ஓசை ஒத்துப்போக வேண்டும், கடவுளின் பெயர் மறைய வேண்டும். பொருள் எதுவானாலும் சரி. நம் இலக்கணத்தின் இடக்கரடக்கலுக்கு இது தூரத்து உறவு. அங்கே மறைப்பது அருவருப்பை, இங்கே புனிதத்தை.

மறைக்கக் காரணம் பக்தி மட்டுமல்ல, பயமும்தான். 13ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் தெய்வநிந்தனை செய்தவர்களுக்குச் சூடு போட்டார். பதினான்காம் லூயி 1666 ஜூலையில் பிறப்பித்த ஆணை அபராதத்தில் தொடங்கி, திரும்பத் திரும்பத் தவறு செய்தால் உதட்டையும் கடைசியில் நாக்கையும் அறுப்பதில் முடிந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் மோலியேரின் ‘மிசாந்த்ரோப்’ பாரிஸில் மேடையேறியிருந்தது. அதன் நாயகன் அல்செஸ்துக்கு வாய் திறந்தால் மோர்ப்ளேதான். திரித்த சொல் ஒரு கேடயம்.

இதெல்லாம் காலப்போக்கில் ஓசை தானாகத் தேய்ந்ததன் விளைவு என்று ஒருவர் மறுக்கலாம். பிரெஞ்சில் ஓசைத் தேய்வுக்குப் பஞ்சமில்லை என்பதால் இது எளிதில் தள்ளக்கூடிய வாதமும் அல்ல. ஆனால் தேய்வு என்றால் எல்லா இடத்திலும் தேய்ந்திருக்க வேண்டும். ‘கடவுளிடம் ஒப்படைக்கிறேன்’ என்று விடைகொடுக்கும் ‘அதியே’யில் தியே இன்றுவரை சிதையாமல் இருக்கிறது. வாழ்த்தில் பிழைத்த பெயர் ஆணையில் மட்டும் உருமாறியிருக்கிறது. அது தேய்வல்ல, தெரிந்தே போட்ட வேடம். கனடாவின் கியூபெக்கில் இந்த வேலை இன்னும் நடக்கிறது. அங்கே கத்தோலிக்கத் தேவாலயத்தின் நற்கருணைப் பேழையைக் குறிக்கும் சொல்லே ‘தபர்னாக்’ என்ற கடுமையான வசவாகியிருக்கிறது. அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்கள் ‘தபர்னூஷ்’ என்று வாலை மாற்றிக்கொள்கிறார்கள்.