குதிரை பேணலும் ஓர் உபதொழிலே

பாபநாசம் வட்டாரத்திலிருந்து குதிரையைப் பற்றி எழுதப் புகுந்தால் படிப்பவர் நகைப்பர் என்பதை நாம் அறிவோம். நெல்லும் கரும்பும் வாழையும் விளையும் காவிரிப் படுகை இது. இங்கே ஒரு சிறுவன் முதலில் காணும் குதிரை ஐயனார் கோயிலில் நிற்கும் சுதைக் குதிரை. அடுத்துக் காண்பது சுவாமி புறப்பாட்டுக்குரிய மரக் குதிரை. ரயில் நிலைய வாசல்களில் காத்து நின்ற ஜட்கா வண்டிகளும் மறைந்து நெடுநாட்கள் ஆயின. ஆயினும் திருமண ஊர்வலங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் குதிரை அமர்த்தும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. குதிரை வைத்திருப்போர் சிலரே. முகூர்த்த நாளில் இரண்டு மூன்று ஊர்வலங்கள் ஒருங்கே அமைந்தால் அவர்கள் ஆளுக்கு அலைகிறார்கள். அந்நாட்களில் நாட்கூலிக்குச் செல்லும் குதிரைக்காரரின் வேலையைப் பற்றியே இங்குக் கூற எண்ணுகிறோம்.

தாளடி அறுவடை முடிந்தபின், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 வரை நஞ்சையில் வேலை குறைவு. அறுவடை இயந்திரங்கள் பெருகியபின் அறுவடைக் கூலியும் சுருங்கிவிட்டது. கை ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களே விழா மாதங்களாகவும் இருப்பது ஒரு வசதி. ஆனால் இதை முழுநேரப் பிழைப்பாக நாம் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டோம். உழவுக்கூலிக்குத் துணையாகச் சில நாள் வருமானம், அவ்வளவே.

குதிரையைப் பேணத் தெரிந்தோர் தமிழகத்தில் அரிது என்பது பழைய குறை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆயிரக்கணக்கில் வந்திறங்கிய குதிரைகள் சரியான பேணுதலின்றி மாண்டன என்றும், லாடம் கட்டுவோரும் இங்கு இல்லை என்றும் எழுதிவைத்தார். அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். நம் தஞ்சை சரசுவதி மகால் நூல் நிலையத்திலேயே நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரச் சுவடி வண்ணப் படங்களோடு பாதுகாக்கப்பட்டு, 1952-இல் அச்சேறியும் இருக்கிறது. அறிவு அரண்மனையில் இருந்தது. லாயத்தில் வேலை செய்தவரிடம் எவ்வளவு சென்றதோ, சொல்வதற்கில்லை.

நம் தொழிலாளர் மாடு பழகியவர்கள். அதுவே இங்கு இடையூறாகவும் ஆகிறது. மாடு பெரும்பாலும் பக்கவாட்டில் கால் வீசும். குதிரையோ நேர் பின்னே உதைக்கும். மாட்டின் பின்புறம் கவலையின்றி நடமாடிப் பழகிய கால், குதிரையின் பின்னும் அவ்வாறே நடக்கும். ஆகவே குதிரையின் இடப்புறத் தோளை நோக்கி, குரல் கொடுத்துக்கொண்டே அணுக வேண்டும். தீனியிலும் இதே வேறுபாடு உண்டு. மாடு அசைபோடும், அதன் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. குதிரைக்கு இரைப்பை ஒன்றே, அதுவும் உடலளவுக்குச் சிறியது. உண்டதை வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. ஒரே வேளையில் கொள்ளை அள்ளிக் கொட்டினால் வயிற்றுச் சூலை கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஊறவைத்து வேகவைத்த கொள்ளும் தவிடும் சிறிது சிறிதாக, பல வேளைகளில் இடுக. வைக்கோல் மட்டும் போதாது. வரப்பில் வீணே வளரும் அறுகம்புல் குதிரைக்கு நல்ல தீனி. தண்ணீர் நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை, வெயிற்காலத்தில் அதற்கு மேலும் தேவைப்படும்.

குளம்பு மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அதனைச் சீவி லாடம் மாற்றுவது தேர்ந்தவர் வேலை. ஆனால் நாள்தோறும் காலைத் தூக்கி, சேற்றையும் கல்லையும் அகற்றி, ஆணி தைத்துள்ளதா என்று பார்ப்பது குதிரைக்காரர் கடமை. சாணமும் மண்ணும் கலந்த லாயத்தில் சிறு கீறலும் ரணஜன்னிக்கு வழி என்பதால் அதற்குரிய ஊசியை முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். மூக்கில் சளியும் புண்ணும் கண்ட குதிரையைத் தொடாதீர். கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோய் மனிதருக்கும் தொற்றும். 1962 என்ற தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

கூலி விஷயத்தில் நம்மவர்க்குக் கூச்சம் மிகுதி. நம் வட்டார இளைஞர் ஒருவர் ஊர்வலத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்ட குதிரையிடம் தொடையில் உதை வாங்கினார். உரிமையாளர் மருத்துவச் செலவைக் கொடுத்தார். மூன்று வாரம் இழந்த கூலியைப் பற்றி இருவருமே முன்கூட்டிப் பேசியிருக்கவில்லை. அந்த மூன்று வாரமும் நடவுக் காலத்தில் அமைந்தது. நாட்கூலி எவ்வளவு, இரவு ஊர்வலத்துக்கு மிகை உண்டா, காயம் பட்டால் யார் பொறுப்பு, வெடி வெடிப்பதை முன்னதாக அறிவிப்பார்களா என்பவற்றைச் சாட்சியின் முன் பேசிக்கொள்வது நலம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேரின் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இழந்த கூலிக்கு அதில் இடமில்லை என்பதையும் நினைவில் கொள்க.

உரிமையாளர் கூறினாலும் செய்யத்தகாதவை சில. முள் பொருந்திய கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. அவ்விதிகளின்படி, வண்டி இழுக்கும், பாரம் சுமக்கும் விலங்குகளை நாளொன்றுக்கு 9 மணிக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணிக்கு மேலோ வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை அவற்றை ஓட்டவே கூடாது. ஊர்வலக் குதிரைக்கும் இவ்வளவையே கொள்ளலாம். சித்திரை வெயிலில் இந்தக் கடைசி விதியைச் சொல்லி மறுக்கும் துணிவு கூலியாளுக்கு வேண்டும். அதனால் ஒரு நாள் கூலி போகக்கூடும் என்பதையும் நாம் மறைக்கவில்லை.

கைதேர்ந்தவர்களின் வேலையை நேரில் காண விரும்புவோர் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்குச் சென்று வரலாம். அது ஆடி மாதத்தில் நடப்பதால், நம் பக்கத்தார் குறுவை வேலையிலிருந்து இரண்டு நாளாவது ஓய்வு கேட்க வேண்டியிருக்கும்.