ஓவியரும் அரசு நல்கையும்

ஓவியருக்கு அரசின் பொருளுதவி கிட்டுமா என்று என் பழைய மாணவர் ஒருவர் வந்து வினவினார். கிட்டும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளங்கலைஞர்க்கு ஈராண்டு உதவித்தொகை வழங்குகிறது. அவருக்கோ வயது 26! எனினும், 40 வயது வரையுள்ளோர்க்கு இளநிலை நல்கை ஒன்று உண்டு. அது ஆராய்ச்சிக்கு உரியது. திட்டத்தை எழுத்தில் விளக்குதல் வேண்டும்.

"எழுத வந்தால் தூரிகையை ஏன் ஐயா எடுக்கிறேன்?" என்றார். நான் நடத்திய கட்டுரை வகுப்புக்குக் கிடைத்த நற்சான்று அது!

'கலைத்தொண்டு புரிவேன்' என்று அவர் எழுதியதை அடித்தேன். தஞ்சைப் பெரிய கோயிலின் நாயக்கர் கால ஓவியங்களில் எவற்றை, எத்தனை மாதத்தில், எவ்வாறு ஆராய்வார் என எழுதச் செய்தேன். தம் படைப்புகளையும் காட்டவேண்டுமே! விற்ற படங்களுக்கு ஒளிப்படமே இல்லை. வாங்கியோர் வீடுகளைத் தேடி மறுநாளே புறப்பட்டார்.