வரைந்து சேர்த்த மேகங்கள்: ஸ்ரீரங்கத்துப் பழைய படங்கள் சொல்லித்தரும் போட்டோ எடிட்டிங்

“போட்டோவ கொஞ்சம் டச் பண்ணிக் குடுங்க.” ஸ்டுடியோக்களில் காலங்காலமாகக் கேட்கும் வார்த்தை இது. இன்று அந்த வேலையைச் செல்போனிலேயே முடித்துவிடலாம். குறுக்கே போகும் மின்கம்பியை அழிக்க ஒரு தொடுதல், வெளுத்த வானத்தை நீலமாக்க இன்னொரு தொடுதல். யூடியூப் பார்த்தே ஒரு மாதத்தில் இதையெல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால், எதுவரை திருத்தலாம், எந்த இடத்தில் அது பொய்யாகிறது என்பதை அந்தப் பாடங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்தக் கேள்விக்கு 165 வயதுக்கு மேல் ஆகிறது. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் அதில் பங்கு உண்டு.

யார் இந்த ட்ரைப்?

லினேயஸ் ட்ரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் கேப்டன். 1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். 1855-ல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படம் எடுத்தார். 1856-ல் மதராஸ் அரசு அவரைத் தன் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. கோயில்கள், கோட்டைகள், அரண்மனைகளைப் படமாக ஆவணப்படுத்துவது அவருக்குத் தரப்பட்ட வேலை.

1857 இறுதியில் கிளம்பிய ட்ரைப், அடுத்த சில மாதங்களில் திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அந்தப் படங்கள் 1858-ல் ஊர்வாரியாக ஆல்பங்களாக வந்தன. திருச்சிக்கு ஒன்று, ஸ்ரீரங்கத்துக்குத் தனியாக ஒன்று. 1859-ல், இந்தச் செலவெல்லாம் ஆடம்பரம் என்று ஆளுநர் சார்லஸ் ட்ரெவிலியன் திட்டத்தையே நிறுத்திவிட்டார். படங்கள் இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பாதுகாக்கப்படுகின்றன. ட்ரைப் இறந்தது 1902-ல் என்பதால் காப்புரிமைக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது.

போட்டோ எடிட்டிங் கற்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், அவருடைய வானம். ட்ரைப் எடுத்த இந்திய, பர்மியப் படங்கள் பலவற்றில் தெரியும் மேகங்கள் கேமராவில் பதிவானவை அல்ல. நெகட்டிவின் மேல் தூரிகையால் வண்ணம் பூசி அவரே சேர்த்தவை. மரங்களின் இலைத் தொகுதிகளையும் சில இடங்களில் இப்படித் தீட்டியிருக்கிறார்.

வானத்துக்கு என்ன ஆச்சு?

அழகுக்காக மட்டும் அவர் இதைச் செய்யவில்லை. அன்றைய தொழில்நுட்பத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. அக்கால நெகட்டிவ்கள் நீல ஒளிக்கும் புற ஊதாக் கதிருக்கும்தான் நன்றாக வினைபுரிந்தன. சிவப்பும் மஞ்சளும் அவற்றுக்குக் கிட்டத்தட்டத் தெரியாது. கருங்கல் மண்டபம் சரியாகப் பதிவாக வேண்டுமென்றால் நீண்ட நேரம் ஒளி படவிட வேண்டும். அதற்குள் நீல வானத்தில் அளவுக்கு மேல் ஒளி ஏறிவிடும். பிரிண்ட் போட்டால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகவோ, திட்டுத்திட்டாகவோ நிற்கும்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அங்கே கறுப்பாக இருப்பது பிரிண்டில் வெள்ளை. அதனால் நெகட்டிவில் ஓர் இடத்தில் வண்ணம் பூசினால் ஒளி அங்கே தடைபட்டு, பிரிண்டில் அந்த இடம் வெளுப்பாக வரும். மேகம் பிறந்தது அப்படித்தான்.

இதே சிக்கலுக்கு உலகின் மற்ற இடங்களிலும் வழி தேடினார்கள். பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே பிரிண்டில் சேர்த்தார். 1857-ல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர், முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். கம்ப்யூட்டருக்கு நூறாண்டுக்கு முன்பே ‘ஒட்டு வேலை’ தொடங்கிவிட்டது.

பெயர் மாறியது, வேலை அதேதான்

இருட்டறையில் பிரிண்ட் போடும்போது, ஓர் இடம் கறுத்துவிடாமல் இருக்கக் குச்சியில் ஒட்டிய அட்டையால் ஒளியை மறைப்பார்கள். இன்னோர் இடம் கறுக்க வேண்டுமென்றால் கையைக் குவித்து, அந்த இடத்தில் மட்டும் ஒளி விழச் செய்வார்கள். போட்டோஷாப்பில் ‘டாட்ஜ்’, ‘பர்ன்’ என்று இருப்பவை இவைதான். அவற்றின் சின்னங்களே குச்சியில் வைத்த வட்டமும், குவித்த கையும்தான்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் நெகட்டிவை ஒளிப்பெட்டி மேல் வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் முகத்துப் பள்ளங்களை நிரப்பிய ‘டச்சிங்’ வேலைதான் இன்றைய ‘ஸ்கின் ஸ்மூத்’. குரூப் போட்டோவிலிருந்து தாத்தாவின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, பின்னால் வண்ணம் பூசி, மாலை போடத் தயாராக்கித் தந்த வேலைதான் இன்றைய ‘பேக்ரவுண்ட் சேஞ்ச்’.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பின் முதல் பதிப்பை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. 1994-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் ‘லேயர்’ வந்தது. மூலப் படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, அந்தத் தாளில் மட்டும் வேலை செய்வது போன்றது இது. தப்பாகிவிட்டால் தாளை எடுத்துவிடலாம், கீழே படம் பத்திரம். காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் ‘கிம்ப்’ என்ற இலவச மென்பொருளில் இதே வேலைகளைச் செய்யலாம். 1995-ல் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய திட்டம் அது.

வீட்டு ஆல்பமே பாடப்புத்தகம்

எடிட்டிங் கற்றுக்கொள்ள, வீட்டில் இருக்கும் ஒரு பழைய போட்டோவை மீட்டெடுப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை. மடிந்த கோடு, பூஞ்சைப் புள்ளி, வெளுத்த முகம் என்று எல்லாச் சிக்கலும் அதில் இருக்கும். வேலையை இந்த வரிசையில் செய்தால் குழப்பம் வராது.

முதலில் ஸ்கேன். சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200 டிபிஐ வைக்கலாம். கறுப்பு-வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறையைப் பிரித்தெடுக்க அது உதவும். டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். இந்த முதல் கோப்பில் கை வைக்கவே கூடாது. நகலில்தான் வேலை.

அடுத்து லெவல்ஸ். அதைத் திறந்தால் மலை மாதிரி ஒரு வரைபடம் தெரியும். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. வெளுத்துப்போன படத்தில் மலை நடுவில் குவிந்து, இரு ஓரமும் காலியாக இருக்கும். இரு முனைகளையும் மலையின் அடிவாரம் வரை நகர்த்தினாலே பாதி உயிர் வந்துவிடும். 1970, 80-களின் கலர் படங்கள் சிவந்துபோயிருந்தால், அதற்குக் காரணம் அவற்றில் இருந்த நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட வேகமாக மங்கியதுதான். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களிலும் தனித்தனியாக லெவல்ஸ் சரிசெய்தால் நிறம் ஓரளவு திரும்பும்.

மூன்றாவது, கீறல் நீக்கம். இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். ‘குளோன்’, ‘ஹீலிங்’ இரண்டும் ஒன்றல்ல. குளோன், ஓர் இடத்தை அப்படியே இன்னோர் இடத்தில் ஒட்டும். ஹீலிங், சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து ஒட்டும். கன்னம், சுவர், வானம் போன்ற சமமான பரப்புக்கு ஹீலிங் நல்லது. புடவைக் கரை, கோலம், கோபுரச் சிற்பம் போன்ற கூரான விளிம்புகளில் அது மசமசவென்று இழுத்துவிடும். அங்கே குளோன்தான் சரி. எதுவானாலும் தனி லேயரில் செய்யுங்கள்.

முடித்ததும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தரம் குறையாது.

நிறம் சேர்ப்பதில் உள்ள வலை

கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு ஒரே நொடியில் நிறம் ஏற்றும் ஏஐ செயலிகள் இப்போது நிறைய. “பாட்டி கட்டியிருந்த புடவை கலர் தெரிஞ்சிடுச்சு” என்று சந்தோஷப்படுகிறோம். உண்மையில் அந்த நிறம் படத்தில் இல்லவே இல்லை. அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் கறுப்பு-வெள்ளையில் ஒரே சாம்பல் நிறமாக விழலாம். செயலி, தான் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான படங்களை வைத்து ஒரு நிறத்தை ஊகிக்கிறது.

ட்ரைப் காலத்துப் படங்களில் சிக்கல் இன்னும் ஆழம். சிவப்புக்கு வினைபுரியாத நெகட்டிவில், நெற்றியின் ஸ்ரீசூர்ணமும் குங்குமமும் கிட்டத்தட்டக் கறுப்பாக விழும். நீலம் வெளுத்து விழும். அந்தப் படத்தைச் செயலியிடம் கொடுத்தால், அது கறுப்பைக் கறுப்பென்றே எடுத்துக்கொள்ளும். நிறத்தை அறிய ஒரே வழி, அந்தப் புடவையைப் பார்த்தவர்களிடம் கேட்பதுதான். அதனால், பாட்டியின் தங்கை உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மொட்டைக் கோபுரம் சொல்லும் தேதி

ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் 13 நிலைகள், 236 அடி. ஆனால், அது முழுமையானது 1987-ல்தான். அந்த ஆண்டு மார்ச் 25-ம் தேதி குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அது அடிப்பகுதியோடு நின்ற மொட்டைக் கோபுரம். ட்ரைப் வந்தபோதும் அப்படித்தான் நின்றது.

இதனால் அந்தக் கோபுரம் போட்டோக்களுக்கு ஒரு தேதி முத்திரை ஆகிவிட்டது. ‘1950-களின் ஸ்ரீரங்கம்’ என்று பகிரப்படும் படத்தில் 13 நிலைக் கோபுரம் முழுசாக நின்றால், தலைப்பு தவறு அல்லது படம் போலி. அதேபோல, 1970-களில் அந்த வாசலில் நின்று எடுத்த குடும்பப் படத்தை ஏஐ செயலியில் ‘சரி’செய்யும்போது, அது முடியாத கோபுரத்தைச் சேதம் என்று நினைத்து நிரப்பிவிடலாம். வானத்தில் கூடுதலாக இரண்டு நிலை முளைத்தால், படத்தின் காலமே அழிந்துபோகும். திருத்திய படத்தையும் மூலப் படத்தையும் பக்கத்தில் வைத்து, மூலைமூலையாக ஒப்பிட்டுப் பார்ப்பது அதனால்தான் அவசியம்.

சென்னை வெள்ளமும் ஒரு ஜன்னலும்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் நரேந்திர மோடி ஹெலிகாப்டரில் இருந்து பார்வையிட்டார். அப்போது மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படத்தை வெளியிட்டது. அதில் ஜன்னலுக்கு வெளியே, மூழ்கிய வீடுகள் துல்லியமாகத் தெரிந்தன. ஜன்னல் காட்சி தனியாக ஒட்டப்பட்டது என்பதை இணையவாசிகள் உடனே கண்டுபிடித்தார்கள். படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்கள் இணைக்கப்பட்டதாக விளக்கம் தந்த அலுவலகம் வருத்தமும் தெரிவித்தது.

ஹெலிகாப்டரின் உள்ளே வெளிச்சம் குறைவு, வெளியே அதிகம். இரண்டையும் ஒரே படத்தில் தெளிவாகப் பிடிப்பது கடினம். ட்ரைப்பின் வானத்துக்கு வந்ததும் இதே மாதிரியான சிக்கல்தான். மேகத்தை ரசித்த நாம், ஜன்னலை ஏன் ஏற்கவில்லை?

மேகம் இருந்ததா இல்லையா என்பதை வைத்து அன்று யாரும் ஒரு முடிவும் எடுக்கப்போவதில்லை. வெள்ளப் படத்தில், ஜன்னலுக்கு வெளியே தெரிந்ததுதான் செய்தி. ‘இது நடந்தது’ என்று சொல்லும் படத்தில், அந்தச் செய்தியைத் தாங்கும் இடத்தை மாற்றக் கூடாது. செய்தி நிறுவனங்களின் விதியும் ஏறக்குறைய இதுதான். ஓரம் வெட்டலாம், வெளிச்சத்தை அளவாகச் சரிசெய்யலாம். சேர்ப்பதும் நீக்குவதும் கூடாது.

மூன்று கேள்விகள்

எடிட் பட்டனைத் தொடும் முன் இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டால் போதும். இந்தப் படத்தைப் பார்ப்பவர் இதை எதுவாக நம்பப்போகிறார்: அழகுப் படமா, நினைவா, ஆதாரமா? நான் மாற்றும் இடம் அந்த நம்பிக்கையைத் தாங்கும் இடமா? என்ன மாற்றினேன் என்று கேட்டால் தயங்காமல் சொல்ல முடியுமா?

கல்யாண ஆல்பத்தில் மின்கம்பியை எடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒருவரை அவர் போகாத இடத்தில், பார்க்காத ஆளோடு நிறுத்தி வைத்தால் அது வேறு விஷயம். அதற்கு எடிட்டிங் திறமை இருப்பது சமாதானம் ஆகாது.

திருத்திய குடும்பப் படத்தை பிரிண்ட் போட்டால், பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி எழுதிவையுங்கள்: எந்த ஆண்டுப் படம், யார் யார் இருக்கிறார்கள், எதைத் திருத்தினோம், நிறம் நாமாகச் சேர்த்ததா. ட்ரைப்பின் மேகங்களைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் நெகட்டிவ்களை ஆராய வேண்டியிருந்தது. உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.