மிரளும் குதிரையை அடிக்கலாமா?

"அடியாத மாடு படியாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. மாட்டுக்கு அது எவ்வளவு தூரம் சரி என்பதை விவசாயம் தெரிந்தவர்கள்தாம் சொல்ல வேண்டும். ஆனால் மிரளும் குதிரைக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெங்களூரில் ஜட்கா வண்டிகளின் காலம் மலையேறிவிட்டது. எனினும் எங்கள் ஆஸ்டின் டவுன் தெருக்களில், மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு கல்யாண ஊர்வலக் குதிரை வருவதை இன்றும் காணலாம். பேண்டு வாத்தியம், சரவெடி, கண்ணைக் கூசும் விளக்குகள், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் குழந்தைகள்! இவற்றின் நடுவே குதிரை மிரண்டால் ஆபத்து மாப்பிள்ளைக்கு மட்டுமல்ல. உடனே சவுக்கு எழும். வேடிக்கை பார்ப்பவர்களும் "நல்லாப் போடு" என்பார்கள். அந்த அடி ஆபத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். பழைய கைகாட்டி மரத்தை இழுக்கும் கம்பி அறுந்துபோனால், எடைக்கல்லின் பாரத்தால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். காரணமில்லாமல் பத்து முறை வண்டி நின்றாலும் நஷ்டம் சில நிமிடங்கள்தான். ஒரே ஒரு முறை தவறாக வழிவிட்டால் உயிர்கள் போய்விடும். ஆகவே தவறினாலும் பாதுகாப்பான பக்கமே தவற வேண்டும் என்பது எங்கள் விதி.

குதிரையை இயற்கை இதே விதிப்படிதான் அமைத்திருக்கிறது. புல்வெளியில் மற்ற மிருகங்களுக்கு இரையாக வாழ்ந்த பிராணி அது. காற்றில் ஆடும் காகிதத்தைப் புலி என்று எண்ணி ஓடினால் கொஞ்சம் மூச்சுதான் வாங்கும். புலியைக் காகிதம் என்று எண்ணி நின்றால் கதை முடிந்துவிடும். ஆகவே மிரட்சி என்பது குதிரையின் திமிர் அல்ல. அதன் பாதுகாப்புக் கருவி.

அதன் புலன்களும் இதற்கேற்றவை. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் சுமார் 350 டிகிரி வரை அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே தெரியாது. நம் காதுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்பதில்லை. குதிரைக்கோ 33,000 வரை கேட்கும். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழகவும் அதன் கண்ணுக்கு நம்மைவிட அதிக நேரம் பிடிக்கும். நமக்கு 'ஒன்றுமில்லை' என்பது அதற்கு ஒன்றுமில்லாதது அல்ல.

இப்போது அடிக்கு வருவோம். பட்டாசு வெடித்த மறுகணம் முதுகில் சவுக்கு விழுந்தால் குதிரை என்ன கற்றுக்கொள்ளும்? 'வெடிச் சத்தம் வந்தால் வலி வரும்' என்றுதான். அடுத்த முறை இன்னும் முன்னதாகவே மிரளும். கிரேக்கத் தளபதி செனோபன் சுமார் 2,350 ஆண்டுகளுக்கு முன்பே தம் குதிரையேற்ற நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார். குதிரை அஞ்சும் பொருளை நாமே முதலில் தொட்டுக் காட்டி, அதை மெதுவாக அருகே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது அவர் கூறும் முறை.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. மைசூர் தசராவில் விஜயதசமியன்று 21 பீரங்கிக் குண்டுகள் முழங்கும். அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே யானைகளையும் போலீஸ் குதிரைகளையும் நிறுத்திவைத்து, பீரங்கி வெடித்து ஒத்திகை நடத்துகிறார்கள். முதல் ஒத்திகையில் சில மிரளும். அடுத்தடுத்த ஒத்திகைகளில் சத்தம் பழகிவிடும்.

பழக்கும் முறை எளிதுதான். பொறுமை வேண்டும், அவ்வளவே.

முதலாவது, தூரம். குதிரை அமைதியாக நிற்கக்கூடிய தூரத்தில் சத்தத்தைத் தொடங்கி, நாளுக்கு நாள் நெருங்க வேண்டும். காது விறைத்து, தலை உயர்ந்து, மூக்குத் துவாரம் விரிந்தால், அன்றைக்கு அதற்குமேல் நெருங்கக் கூடாது.

இரண்டாவது, நேரம். குதிரை நிதானப்பட்ட அதே கணத்தில் லகானைத் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. தாமதித்தால் எதற்குப் பரிசு என்பது அதற்குப் புரியாது.

மூன்றாவது, துணை. பழகிய குதிரை ஒன்று பக்கத்தில் நின்றால் புதியதற்குத் தைரியம் வரும்.

நான்காவது, உடம்பு. திடீரென்று மிரளத் தொடங்கிய குதிரைக்குக் கண் கோளாறோ, சேணம் உறுத்திய புண்ணோ இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? வேண்டும். கடிப்பதும், ஆளைத் தள்ளிக்கொண்டு போவதும் கெட்ட பழக்கங்கள். அவற்றை அந்த நொடியே உறுதியான குரலாலும் கயிற்றாலும் தடுக்க வேண்டும். பயத்தையும் கெட்ட பழக்கத்தையும் பிரித்தறிவதுதான் குதிரைக்காரரின் திறமை.

எங்கள் பகுதிக்கு வரும் குதிரைக்காரர் ஒருவர் ஊர்வலத்துக்கு முன் குதிரையின் காதுகளில் பஞ்சு வைப்பார். அவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, "பட்டாசு கொளுத்தறவங்களை யாரும் ஒண்ணும் சொல்றதில்லை சார், குதிரையைத்தான் திட்டுறாங்க" என்றார். நியாயமான பேச்சுதானே?

எனவே, வீட்டில் கல்யாணம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குதிரை அமர்த்தினால், அது ஊர்வலத்துக்குப் பழகியதா என்று முதலில் கேளுங்கள். சரவெடியைக் குதிரைக்கு வெகு தொலைவில் வையுங்கள்; அல்லது அதை விட்டே விடுங்கள். குழந்தைகளைக் குதிரையின் பின்பக்கம் போகவிடாதீர்கள். கயிற்றைப் பிடிப்பவர் அதைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். குதிரை பாய்ந்தால் விரல் போய்விடும். மீறி மிரண்டால் கூச்சலிடாமல் விலகி நின்று வழிவிடுங்கள். வாத்தியத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

சிக்னல் சிவப்பைக் காட்டினால் சிக்னலை உடைப்பவர் யாருமில்லை. தண்டவாளத்தில் என்ன கோளாறு என்றுதான் பார்ப்போம். குதிரை விஷயத்திலும் அதையே செய்வோம்.