பெண்கள் பள்ளியின் கட்டுப்பாடுகள் யாருக்காக?

ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, சோளிங்கர் பக்கம் தறி ஓடும் வீடுகளில், பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணை அடுத்து எங்கே சேர்ப்பது என்ற பேச்சு எழுந்தால், தேர்ச்சி விகிதத்துக்கு முன்பே இரண்டு கேள்விகள் வந்துவிடும். "கேர்ள்ஸ் ஸ்கூல்தானே? ஹாஸ்டல்ல ஸ்ட்ரிக்டா இருப்பாங்களா?" தனியார் பெண்கள் பள்ளிகள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்திருக்கின்றன. ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்த வேண்டும். சத்தம் வரும் கொலுசு கூடாது. பார்வையாளர் அட்டையில் ஒட்டிய புகைப்படத்தில் இருப்பவர் வந்தால்தான் வார்டன் பெண்ணை வெளியே அனுப்புவார்; படத்தில் இல்லாத தாய்மாமன் வந்தாலும் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் பள்ளியின் பாரம்பரியம் என்கிறோம். என் பார்வையில் இவற்றில் பெரும்பகுதி பாரம்பரியமே அல்ல. பெற்றோருக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம். உத்தரவாதத்துக்குக் காலக்கெடு உண்டு. காலம் கடந்தும் நிற்கத் தகுந்த மரபு வேறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் நம் பள்ளிகள் கவனிக்காமல் விட்டிருக்கின்றன.

தமிழ்ப் பெண்களுக்கான விடுதிப் பள்ளி வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் இது விளங்கும். யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பள்ளி 1824இல் அமெரிக்க மிஷனால் தொடங்கப்பட்டது. நடத்தியவர் ஹாரியட் வின்ஸ்லோ. பெண்ணைப் படிக்க வைத்தால் யார் கட்டுவார்கள் என்பதுதான் அன்றைய பெற்றோரின் அச்சம். மிஷன் அதற்கு நேரடியாகவே பதில் சொன்னது: படிப்பு முடியும் வரை பெண்ணை விடுதியில் விட்டுவையுங்கள், திருமணத்தின்போது சீதனம் நாங்கள் தருகிறோம். செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளர்கள் சூட்டிய பெயர்களையும் பல சிறுமிகள் சுமந்தார்கள். சீதனமும் மாற்றுப்பெயரும் அந்தக் காலத்தில் பள்ளியின் நடைமுறைகள். இன்று அவற்றைத் திரும்பக் கொண்டுவர யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் 1840இல் வந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்து, ஊர் திரும்பாமலே 1883இல் இலங்கையில் இறந்த எலைசா அக்னியூ என்ற மிஷன் ஆசிரியையின் காலத்தில், தாய் படித்த பள்ளிக்கு மகளும் வந்தாள். படித்த பெண்களில் பலர் ஆசிரியைகளானார்கள். சீதனத்தைக் காட்டி அழைக்கப்பட்டவர்களின் மகள்கள், தாய் படித்தாள் என்பதற்காகவே வந்தார்கள்.

சென்னையிலும் இதேதான் நடந்தது, இன்னும் வேதனையான வடிவில். சிறுவயதிலேயே விதவையான ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அதையடுத்து எழும்பூரில் தம் வீட்டில் பிராமண விதவைச் சிறுமிகள் நால்வரோடு தொடங்கிய சிறிய இல்லம், சில ஆண்டுகளில் கடற்கரைச் சாலையின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டப்பட்ட அந்த வட்டக் கட்டடம், வீட்டின் இருட்டு மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகளின் வகுப்பறையாக மாறியது. ஆனால் அங்கே அவர் பிராமண விதவைகளை மட்டுமே சேர்த்தார். சமையலிலும் உணவிலும் ஆசாரம் பிசகாமல் பார்த்துக்கொண்டார். அது தவறு என்று அப்போதே கண்டனம் எழுந்தது. கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. சாதி பார்க்காத விடுதியாக இருந்தால் ஒரு தகப்பனும் மகளை அனுப்பியிருக்கமாட்டான் என்ற கணக்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. எந்த விடுதியும் ஏற்காத தேவதாசி குலப் பெண்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். அதன் பிறகுதான் 1930இல், சாதி பார்க்காத அவ்வை இல்லம் பிறந்தது. ஒரு சாராரின் பயத்தைத் தணிக்கப் போட்ட விதி, இன்னொரு சாராரின் பெண்களை வெளியே நிறுத்தியது. ஆகவே ஒரு விதி யாருடைய பயத்துக்குப் பதில், அதனால் யார் வெளியே நிற்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய ஆர்.கே.பேட்டையில் பெற்றோரின் பயத்துக்கு வேறு பதில்களும் வந்துவிட்டன. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய். 2024இல் அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் அது விரிந்தது. சுயநிதிப் பள்ளி மாணவிக்கு அது கிடையாது. கூலிக்கு நெசவு செய்யும் குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசமில்லை. கட்டணமும் வாங்கிக்கொண்டு, பாதுகாப்பு ஒன்றை மட்டுமே காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்த காலம் முடிந்து வருகிறது. அப்படியானால் தனியார் பெண்கள் பள்ளியால் தனித்துத் தரக்கூடியது என்ன?

பெண்களே எல்லாப் பொறுப்பையும் ஏற்கும் இடமாக அது இருக்க முடியும் என்பதே என் பதில். இருபாலர் பள்ளியில் மாணவர் தலைவர் (எஸ்.பி.எல்.) ஒரு பையன், துணைத்தலைவி ஒரு பெண் என்று ஆகிவிடுவதைப் பல இடங்களில் காணலாம். பெண்கள் பள்ளியில் அணிவகுப்புக்குக் குரல் கொடுப்பது, விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, மைக் செட்டுக்காரரிடம் பேசுவது, காலைக் கூட்டத்தில் செய்தி வாசிப்பது எல்லாமே ஒரு பெண்ணின் வேலை. செப்டம்பர் 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1888இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள். 1962 முதல் ஆசிரியர் தினம். பல பள்ளிகளில் அன்று பிளஸ் டூ மாணவிகள் புடவை கட்டி, கையில் வருகைப் பதிவேட்டோடு ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போவார்கள். புடவைக்கும் போட்டோவுக்கும் இருக்கும் கவனம் பாடத்துக்கு இருப்பதில்லை என்று ஆசிரியர்கள் குறைப்படுவது சரிதான். ஆண்டுக்கு ஒருநாள் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை தினமும் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னான். சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மூத்த மாணவனை இளையவனுக்கு ஆசானாக்கி நடத்திய முறைதான், 1797இல் அவர் எழுதிய நூல் வழியாக, மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. இரண்டுமே பெரும்பாலும் பையன்களுக்கானவை. பெண்களுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது பெண்கள் பள்ளியில்தான். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டுத் தமிழ் எழுதத் திணறும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு, அதே வழியில் வந்த பதினொன்றாம் வகுப்பு அக்கா வாரம் இரண்டு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், இருவருக்கும் மிஞ்சுவது அதிகம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழும் உலகத்துக்குத் தனிப்பள்ளி எப்படித் தயார் செய்யும் என்று கேட்பார்கள். வலுவான கேள்வி. ஆண்களைக் காணாமல் வளர்ப்பதே நோக்கமானால் அந்தப் பள்ளிக்கு நியாயமே இல்லை. பொறுப்பேற்றுப் பழகியவள் கலந்த சபையிலும் பேசுவாள். தலைகுனிந்து வரிசையில் போக மட்டும் பழகியவள் எங்கும் தயங்குவாள். கூடப் படிப்பது யார் என்பதைவிட, பள்ளி அவளிடம் எதை ஒப்படைத்தது என்பதே பெரிது.

இன்னொரு ஆட்சேபம் பெற்றோருடையது. இருட்டிய பிறகு பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணைப் பற்றிய கவலை உண்மையானது, அதைப் பழமைவாதம் என்று தள்ளுவது அநியாயம். கேட் பதிவேடும் பார்வையாளர் அட்டையும் இருக்கட்டும். ஆனால் கொலுசுக்கும் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு? பெண்ணுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பதால் எந்த ஆபத்து விலகும்? காரணம் சொல்ல முடிகிற விதியைப் பிள்ளைகள் மதிப்பார்கள். காரணமில்லாத விதி, மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும். உண்மையில் ஆபத்து வரும்போது வார்டனிடம் வந்து சொல்ல வேண்டிய பெண், பழக்கதோஷத்தில் அதையும் மறைத்துவிடுவாள். போக்சோ சட்டம் 2012இல் வந்த பிறகு, நடந்ததைப் பயமின்றிச் சொல்லும் பழக்கம்தான் மாணவியின் முதல் காவல் என்பதைப் பள்ளிகள் உணர்ந்திருக்க வேண்டும்.

பேசவிட்டால் நாளைக்குப் போராட்டம் செய்வார்கள் என்று நிர்வாகங்கள் அஞ்சுகின்றன. செய்யக்கூடும். உடுவில் மாணவிகளே 2016இல் தங்கள் முதல்வர் ஓய்வில் அனுப்பப்படுவதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் பள்ளி தங்களுடையது என்று கருதியதால்தான் அந்தப் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்தார்கள். அப்படி உட்காரும் நிலை வருமுன் அவர்கள் குரலைக் கேட்க ஒரு வழி பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. விடுதி மெஸ் கமிட்டியில் மாணவிகள் இருக்கட்டும், வாரப் பட்டியலை அவர்களே எழுதட்டும். ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் விதித்தாளை மாணவர் மன்றம் முதலில் படிக்கட்டும். ஒவ்வொரு விதிக்கும் எதிரே அதன் காரணத்தை நிர்வாகம் ஒரு வரியில் எழுதித் தரட்டும். எழுத முடியாத விதியை அந்த ஆண்டே எடுத்துவிடலாம்.